துடைப்பம் ஏந்திய துறவி காட்கே மகராஜ்

தாதர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுக் கட்டுடன் ஓர் இடத்துக்கு வழி கேட்பதுண்டு. பரேலில் உள்ள டாட்டா ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் கேட்கும் இடம் காட்கே மகராஜ் தர்மசாலை. வழி சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று திருப்பிக் கேட்டால், மும்பையில் இருபது வருடம் குப்பை கொட்டிய நம்மில் பலர் விழிக்க வேண்டியதுதான். அவரோ உண்மையாகவே குப்பை கூட்டியவர்!

சலவைக்காரர் மகன்

விதர்ப்பப் பகுதியில், அமராவதி மாவட்டத்து ஷேண்ட்காவ் கிராமத்தில் 1876 பிப்ரவரி 23-ல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தேபுஜி. சலவைத் தொழில் செய்யும் குடும்பம். தந்தை குடிப்பழக்கத்தால் சீரழிந்து, மகன் சிறுவனாக இருக்கும்போதே கண்ணை மூடினார். தாயும் பிள்ளையும் தாபுரே என்ற ஊரில் இருந்த தாய்மாமன் வீட்டில் தஞ்சம் புகுந்தனர். ரயில்வேக்காரர்களுக்குப் பழக்கமான முர்திஜாபூர் ஜங்ஷன் பக்கத்து ஊர் அது. அங்கே மாடு மேய்த்தார், ஏர் பிடித்தார். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை.

கல்யாணமாகி மகள் பிறந்தாள். பெயர் சூட்டு விழாவில் கறியும் சாராயமும் வைப்பது உறவினரின் வழக்கம். தேபுஜி அதை மறுத்து இனிப்பும் சாதமுமாகப் பரிமாறினார். தந்தையைக் கொன்ற சாராயம் தன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்ற உறுதி அப்போதே இருந்தது.

1905-ல் ஒரு நாள் குடும்பத்தைத் துறந்து கிளம்பினார். கிழிந்த துணிகளைச் சேர்த்துத் தைத்த உடை. ஒரு கையில் துடைப்பம். கூடவே ஒரு மண்சட்டி. உண்பதும் அதில், குடிப்பதும் அதில், வெயிலில் தலைக்குக் கவிழ்ப்பதும் அதையே. அந்தச் சட்டிக்கு மராத்தியில் வழங்கும் பெயரே அவருக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது.

பகலில் துடைப்பம், இரவில் கீர்த்தனம்

ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் யாரிடமும் உத்தரவு கேட்கமாட்டார். தெருவைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார். சாக்கடையைத் தள்ளிவிடுவார். பைத்தியம் என்று சிரித்தவர்கள், சற்று நேரத்தில் கூச்சப்பட்டுத் தாங்களும் இறங்குவார்கள். இரவில் அதே மக்களைக் கூட்டி வைத்துக் கீர்த்தனம். படிப்பறியாத அவர், பாமர மராத்தியில் கேள்வி மேல் கேள்வி போடுவார். பதிலை ஜனங்கள் வாயாலேயே வரவழைப்பார். ஆடு கோழி பலியிடாதீர்கள், கடன் வாங்கிச் சடங்கு செய்யாதீர்கள், தீண்டாமை பாராட்டாதீர்கள், வீட்டையும் ஊரையும் சுத்தமாக வையுங்கள் என்பதே சாரம். சாப்பிடும் தட்டை விற்றாவது பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்று மன்றாடுவார்.

காணிக்கையாக வந்த பணத்தில் தமக்கென ஒரு குடிசைகூடக் கட்டிக்கொள்ளவில்லை. நாசிக், ஆளந்தி, பண்டரிபுரம் என்று தர்மசாலைகளே எழுந்தன. பண்டரிபுரத்தில் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யாத்ரீகர்களுக்காக சோகாமேளர் பெயரில் எழுப்பிய தர்மசாலையை 1949-ல் டாக்டர் அம்பேத்கரின் கல்விக் கழகத்திடம் ஒப்படைத்தார். ஏழை மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்பதே எண்ணம். 1956 டிசம்பர் 6-ல் அம்பேத்கர் மறைந்தார். சரியாகப் பதினான்காம் நாள், டிசம்பர் 20-ல், அமராவதி அருகே வல்காவில் காட்கே மகராஜும் மறைந்தார்.

சோப்புக் கட்டி எங்கே?

2000-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு கிராமத் தூய்மைப் போட்டி ஒன்றைத் தொடங்கியபோது அதற்கு அவர் பெயரையே வைத்தது. கிராமங்கள் பரிசுக்காகப் போட்டியிட்டுத் தெருவைக் கூட்டின, கக்கூஸ் கட்டின. அவர் துடைப்பம் அவருக்குப் பின்னும் வேலை செய்தது என்றே சொல்லலாம்.

ஆனால் சுத்தம் நிலைப்பது பள்ளிக்கூடத்தில்தான். சாப்பிடும் முன்பும் கக்கூஸ் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவினால், குழந்தைகளை வாட்டும் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மருந்தில்லை, மாத்திரையில்லை, வேண்டியது தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும்.

நான் படித்த கிராமத்துப் பள்ளியில் குழாய் இருந்தது. சோப்பும் இருந்தது; ஆனால் அலமாரிக்குள். அதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாட்களில் சத்துணவுக்கு முன் கையை டவுசரில் துடைத்துக்கொள்வோம். கக்கூஸ் கழுவும் வேலை மட்டும் தினமும் உண்டு. அதைச் செய்யச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எப்போதும் அதே மூன்று பையன்கள். ஏன் அந்த மூவர் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை; எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவன் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

காட்கே மகராஜின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது. பிறர் அழுக்கை வெளுப்பது இன்ன ஜாதிக்கு விதித்தது என்றிருந்த காலத்தில், அந்த ஜாதியில் பிறந்தவர், கூட்டுவது ஊரார் அனைவருக்கும் பொதுவான வேலை என்று செய்து காட்டினார். துடைப்பத்தைத் தாம் பிடித்தார். பிறகு பட்டேல் கையிலும் பிடிக்க வைத்தார். பள்ளியில் சுத்தம் கற்பிப்பதென்றால் இதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறவினருக்கு அல்வாவும் சேலையும் வாங்கும்போது, படித்த பள்ளிக்கு ஒரு டஜன் சோப்புக் கட்டியும் வாங்கிச் செல்லுங்கள். அலமாரியில் வைக்காமல் குழாயடியில் வைக்கச் சொல்லுங்கள். கக்கூஸ் கழுவுவது யார் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள். தமக்குச் சிலையோ கோயிலோ வேண்டாம் என்று சொல்லிப்போன அந்த மகானுக்கு இதைவிடச் சிறந்த அஞ்சலி இருக்க முடியாது.