உள்ளிருந்து வரும் ஒழுக்கம்: இப்னு கல்தூன் (ரஹ்) வாழ்வும் சிந்தனையும்

சமூகத்தின் நெறிகளையும் மதிப்புகளையும் ஒரு பிள்ளை எப்படித் தனதாக்கிக்கொள்கிறது? கல்லூரிப் பாடநூல்கள் இதைச் 'சமூகமயமாதல்' என்ற தலைப்பில் விளக்குகின்றன. எமில் துர்கைம் போன்ற ஐரோப்பிய அறிஞர்களின் பெயர்களே அங்கு முதலில் வரும். ஆனால் துர்கைம் பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கும் முன்பே இதே கேள்வியை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் நம்மில் இருந்தார். அவர்தான் 'முகத்திமா' என்ற புகழ்பெற்ற நூலை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்).

ஹிஜ்ரி 732 ரமளான் மாதம் முதல் நாள், அதாவது கி.பி. 1332 மே 27 அன்று, துனிஸ் நகரில் அவர் பிறந்தார். எமன் பகுதியின் ஹள்ரமவ்த்தைப் பூர்வீகமாகக் கொண்ட அவரது குடும்பம், ஸ்பெயினின் செவில் நகரில் பல தலைமுறைகள் செல்வாக்கோடு வாழ்ந்து, பின்னர் வட ஆப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. இளம் வயதிலேயே அவர் திருக்குர்ஆனை மனனம் செய்தார். ஹதீஸ், மாலிக்கி ஃபிக்ஹ், அரபு இலக்கணம், தர்க்கம் ஆகியவற்றையும் கற்றார்.

பதினேழு வயதை எட்டியபோது துனிஸைத் தாக்கிய கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் கொண்டுசென்றது. அதன்பின் அரசவைப் பணியே அவரது பாதையானது. ஃபெஸ் நகரில் பதவி வகித்தார்; அங்கேயே சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையிலும் இருந்தார். 1364இல் கிரனாடா சுல்தானின் தூதராக, கஸ்தீலிய மன்னரைச் சந்திக்கத் தம் மூதாதையர் வாழ்ந்த செவிலுக்கே சென்றார். தம்மிடம் தங்கிவிட்டால் முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக மன்னர் கூறியும் அவர் ஏற்கவில்லை.

அரசியலில் சலித்துப்போன அவர், 1375இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்தோடு ஒதுங்கினார். 1377இல், ஐந்தே மாதங்களில், முகத்திமாவின் முதல் வடிவத்தை அங்கு எழுதி முடித்தார்.

மனிதனின் குணத்தைப் பெரிதும் உருவாக்குவது அவன் பழகிக்கொண்ட வாழ்க்கை முறைதான், பிறப்பின் இயல்பு அல்ல என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. பாலைவனத்தில் வளர்பவன் தன்னைத் தானே காத்துப் பழகியதால் துணிவு பெறுகிறான். நகரத்தான் காவலரையும் மதில்களையும் நம்பிப் பழகியதால் அந்தத் துணிவை இழக்கிறான். பிள்ளைகள் தந்தையரிடம் நிறைவைக் காண்பதால் அவர்களைப் போலவே ஆகிறார்கள் என்றும், தோற்றுப்போன மக்கள் வென்றவர்களின் உடையையும் பழக்கங்களையும் பின்பற்றுவதற்கும் இதுவே காரணம் என்றும் அவர் விளக்கினார். அந்தலூஸ் முஸ்லிம்கள் அண்டைக் கிறிஸ்தவ நாட்டாரைப் பின்பற்றியதை அதற்கு உதாரணமாகக் காட்டினார்.

இங்குதான் அவர் முக்கியமான கேள்வி ஒன்றை எழுப்புகிறார். சட்டத்துக்குக் கட்டுப்படுவது மனிதனைக் கோழையாக்கும் என்றால், மார்க்கச் சட்டங்களுக்கு முழுமையாகக் கட்டுப்பட்ட ஸஹாபாக்கள் எப்படி வீரம் குன்றாமல் இருந்தார்கள்? அவர்களைத் தடுத்து நிறுத்தியது வெளியிலிருந்த காவலன் அல்ல. உள்ளத்தில் வேரூன்றிய ஈமான் என்பதே அவருடைய பதில். வெளியிலிருந்து திணிக்கப்படும் கட்டுப்பாடு மனிதனை ஒடுக்குகிறது. உள்ளிருந்து எழும் கட்டுப்பாடு அவனை உயர்த்துகிறது.

பிள்ளைகளின் கல்வியைப் பற்றிய அவரது கருத்தும் இதையொட்டியதே. அடித்தும் அச்சுறுத்தியும் வளர்க்கப்படும் பிள்ளை உற்சாகத்தை இழக்கிறது. தண்டனையிலிருந்து தப்பிக்கப் பொய்யையும் நடிப்பையும் கற்றுக்கொள்கிறது. நாளடைவில் அதுவே அதன் குணமாகிவிடுகிறது. கண்டிப்பே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீத், மகன் அமீனின் ஆசிரியருக்குக் கூறிய அறிவுரையை எடுத்துக்காட்டினார். முதலில் கனிவும் நெருக்கமும், அவை பலிக்காதபோது மட்டுமே கடுமை என்பது அதன் சாரம்.

1382இல் எகிப்து சென்ற அவர் இரண்டு ஆண்டுகளில் மாலிக்கி தலைமை காழியானார். அதே 1384இல் அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தார் கப்பல் விபத்தில் மூழ்கிய பேரிழப்பும் நேர்ந்தது. பிறகும் அவர் கற்பிப்பதை விடவில்லை. காழி பதவியிலிருந்து பலமுறை நீக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் அமர்த்தப்பட்டார். 1401இல் முற்றுகைக்குள்ளான திமிஷ்கின் மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கிச் சென்று தைமூரைச் சந்தித்தார். ஹிஜ்ரி 808 ரமளானில் (கி.பி. 1406 மார்ச்) கெய்ரோவில் வஃபாத்தானார்.

அவரை உலகின் முதல் சமூகவியலாளர் என்று சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் நம் வீடுகளிலும் மக்தபுகளிலும் பிரம்பு இன்னும் பேசுமானால் அந்தப் பெருமையில் பொருளில்லை. உஸ்தாது பார்க்கும்போது மட்டும் ஓதுகிற, வாப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் தொழுகிற பிள்ளை, மார்க்கத்தை அல்ல, அச்சத்தைத்தான் கற்றிருக்கிறது. யாரும் பார்க்காத இடத்திலும் அல்லாஹ்வை நினைக்கும் பிள்ளையே நாம் வேண்டுவது. அதற்கு நம் பிள்ளைகள் தினமும் பார்த்துப் பழகும் நம்முடைய வாழ்க்கை முதலில் சீராக வேண்டும். அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.