வேதம் பாடிய தஞ்சைக் கவிராயர்

தமிழில் கிறித்தவ இலக்கியம் என்றவுடன் வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் நினைவில் முந்தி நிற்பது இயல்பே. காப்பியங்கள் என்னும் பெருமை அவற்றுக்கு உண்டு. ஆனால் விடியலில் எழுந்து வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்து முழந்தாளிடும் எளிய கிறித்தவக் குடும்பத்தின் நாவில் நாள்தோறும் தவழ்வன கீர்த்தனைகளே. அக்கீர்த்தனை மரபு தழைக்க முதற்காரணராக நின்றோருள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). நீதிநூலும் பிரதாப முதலியார் சரித்திரமும் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவருக்கு அரை நூற்றாண்டு பின்னர்ப் பிறந்தவர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவார் இன்றும் உளர்.

திருநெல்வேலியும் தஞ்சையும்

வேதநாயகர் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை சைவ வேளாளர் குடியில் தோன்றிக் கிறித்தவம் தழுவியவர், தமிழறிவு உடையவர். தஞ்சையைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த செருமானியத் தொண்டர் சுவார்ட்ஸ் ஐயர் 1785ஆம் ஆண்டையொட்டித் திருநெல்வேலிக்கு வந்தபோது, சிறுவனின் கூர்த்த அறிவைக் கண்டு தம்முடன் அனுப்புமாறு தந்தையாரிடம் கேட்டார். பன்னிரண்டு வயதும் நிரம்பாத மகனைப் பிரிவது எளிதன்று. எனினும் தந்தையார் இசைந்தார். பொருநைக் கரையில் பிறந்த பிள்ளை காவிரிக் கரையில் வளரலானான்.

தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் கண்காணிப்பில் இருவர் வளர்ந்தனர். ஒருவர் வேதநாயகர். மற்றவர் பின்னாளில் அரசு கட்டில் ஏறிய சரபோசி. ஏறத்தாழ ஒத்த வயதினரான அவ்விருவரிடையே அன்று தோன்றிய நட்பு அரசர் மறையும் வரை குன்றவில்லை. அரசமைந்தரின் நெறி வேறு, புலவர் மைந்தரின் நெறி வேறு. இருவரும் தத்தம் சமயத்தில் உறுதியாக நின்றே அந்நட்பைப் பேணினர்.

மேற்கல்விக்காக வேதநாயகர் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். 1715ஆம் ஆண்டளவில் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊர் அது. அங்கே ஜான் ஐயர் முதலிய ஆசிரியர்களிடம் அவர் வேத சாத்திரத்தோடு கணிதம், வானநூல், நிலநூல், உடற்கூறு ஆகியவற்றையும் கற்றார். பிற்காலத்தில் அவர் பாடல்களில் கோள்களும் கண்டங்களும் கடல்களும் இடம்பெற்றமைக்கு இக்கல்வியே காரணம். 1794இல், அகவை இருபதை எட்டும் முன்னரே, தஞ்சைக் கிறித்தவப் பள்ளியின் தலைமையாசிரியராக அமர்த்தப்பட்டார். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றும் அப்பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் நிலைத்திருந்தார்.

நாட்பொழுதின் பாடல்கள்

அந்நாளில் திருச்சபையின் வழிபாட்டில் செருமானிய மெட்டுகளுக்கு ஏற்ப மொழிபெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகளே ஓங்கி ஒலித்தன. அவற்றின் பொருள் ஆழமானது, பத்தியும் மெய்யானது. ஆனால் ஏற்றமிறைப்பவன் நாவிலும் கும்மியடிக்கும் பெண்களின் நாவிலும் அந்த மெட்டுகள் எளிதில் படியவில்லை. ஞாயிறன்று கோயிலில் கேட்ட வேதம் திங்களன்று வயலுக்கு உடன் வர வேண்டுமாயின் வயலில் ஏற்கெனவே வழங்கும் மெட்டில் அது அமைதல் வேண்டும். இதனை உணர்ந்தவர் வேதநாயகர்.

ஆகவே அவர் கற்ற வேதம் முழுவதையும் தமிழர் அறிந்த பாட்டு வடிவங்களில் பெய்து தந்தார். ஏற்றம் இறைப்போர் பாட ஞான ஏற்றப்பாட்டு, கும்மியடிப்போர்க்கு ஞானக்கும்மி, தெருக்கூத்திலும் நொண்டி நாடகத்திலும் பழகியோர்க்கு ஞான நொண்டி நாடகம். நோவா பேழை செய்த வரலாறு ஞானத்தச்ச நாடகமாயிற்று. மரமும் ஆணியும் கீலும் அறிந்த தச்சர், தம் தொழிலையே வேதத்தில் காணும் வாய்ப்பு அதனால் கிட்டியது. செபமாலை என்னும் தொகுதி தனித்தும் குடும்பமாகவும் வேண்டுதல் செய்வோர்க்கு உறுதுணையாயிற்று. பராபரன் மாலை, ஞான உலா முதலியனவும் அவர் இயற்றியவையே. நாளும் கோளும் சகுனமும் பார்த்து அஞ்சும் வழக்கத்தைக் கடிந்து சாத்திரக்கும்மி பாடினார்.

இவை யாவற்றுள்ளும் புலவர் உலகம் பெரிதும் போற்றுவது 1800ஆம் ஆண்டில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி, தஞ்சை அரசவைக்கும் கோயில்களுக்கும் உரிய வடிவமாக அந்நாளில் செழித்திருந்தது. தலைவன் உலா வருவதும், தலைவி காதல் கொண்டு மெலிவதும், குறத்தி வந்து குறி சொல்வதும், குறவன் பறவை பிடிப்பதும் அதன் மாறாத உறுப்புகள். வேதநாயகர் அவ்வுறுப்புகளில் ஒன்றையும் குறைக்கவில்லை. பெத்லகேம் நாதராகிய கிறிஸ்துவே தலைவன். திருச்சபையே தேவமோகினி என்னும் தலைவி. மணமகனும் மணமகளுமாகக் கடவுளையும் சபையையும் காட்டும் வேத உருவகம் அகப்பொருள் மரபோடு இயல்பாக இணைந்தது. குறத்தி விசுவாசத்தின் உருவானாள். பறவை பிடிக்கும் சிங்கனும் நூவனும் மக்களை நற்செய்திக்கு அழைக்கும் ஊழியர் ஆயினர். ஞாயிற்றை நடுவாகக் கொண்டு கோள்கள் சுற்றும் செய்தியையும் அதனுள் அமைத்தார். தரங்கம்பாடியில் கற்ற வானநூல் குறவஞ்சிக்குள் இடம் பெற்றது இவ்வாறே.

சரபோசி மன்னர் தஞ்சைப் பெருவுடையார் மீதும் ஒரு குறவஞ்சி பாடித் தருமாறு நண்பரை வேண்டினார் என்றும், வேதநாயகர் பணிவோடு மறுத்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். மன்னர் சினக்கவில்லை என்பதற்கு அவர்தம் பிற்கால நட்பே சான்று. மன்னரையே தலைவராக்கிச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடினார். ஒரே ஊரில், ஒரே அரசர் காலத்தில், ஒரே வடிவத்தில் இரு நெறியினர் பாடியது தஞ்சைத் தமிழுக்கு வாய்த்த பேறு.

சோதனைக் காலம்

1798இல் சுவார்ட்ஸ் ஐயர் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோசி அரியணை ஏறினார். வளர்த்தவரை இழந்த வேதநாயகர்க்குப் பின்வந்த கால்நூற்றாண்டு பெரும்பாலும் ஆக்கக் காலமாகவே கழிந்தது. சுவிசேடக் கவிராயர் எனவும் வேதசிரோமணி எனவும் சபையார் அவரைப் போற்றினர். ஆனால் 1820களில் புதிய தலைமுறைத் தொண்டர்கள் வந்தபோது நிலைமை மாறிற்று.

முதற் பூசல் வேதப் புத்தகத்தைப் பற்றியது. தஞ்சைச் சபையார் வாசித்து வந்தது பப்ரீசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு. அதன் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. 1791இல் அவர் மறைந்த பின்னரே பழைய ஏற்பாடு முழுமையாக அச்சில் வந்தது. அவர் முழந்தாளிட்டவாறே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தெடுத்து மொழிபெயர்த்தார் என்பது சபையாரின் நம்பிக்கை. 1814இல் தமிழகம் வந்த இரேனியஸ் ஐயர், மக்களுக்கு எளிதில் விளங்கும் நடை வேண்டுமெனக் கருதி அதனைத் திருத்தலானார். திருத்தியவை 1820களில் பகுதி பகுதியாக வெளிவந்தபோது வேதநாயகர் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

இரேனியஸ் தமிழை நன்கு கற்றவர். அவர் நோக்கமும் பழுதுடையதன்று. எனினும் நாள்தோறும் ஓதி மனத்தில் பதிந்த வாசகம் ஒருவர்க்கு வெறும் பொருளுணர்த்தும் கருவியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தாயின் மரணப் படுக்கையில் வாசித்த சொல், பிள்ளைக்கு முதலிற் கற்பித்த சொல், துயரில் தானே நாவில் எழுந்த சொல் அது. அச்சொல்லை மாற்றும்போது வேண்டுதலின் வழித்தடமே மாறுகிறது. அன்றியும் வேதநாயகரின் நூற்றுக்கணக்கான பாடல்கள் பழைய மொழிபெயர்ப்பின் சொற்களின் மீதே எழுந்தவை. அடித்தளம் பெயர்க்கப்படுவதைக் கட்டியவர் பார்த்திருக்க இயலாது.

இரண்டாம் பூசல் தமிழிசையையும் தமிழர் வழக்கங்களையும் பற்றியது. கோயிலில் தமிழ்ப் பண்களில் பாடுவதும், திருமணத்திலும் அடக்கத்திலும் மலர் சூட்டுவதும், விழாக்களைத் தமிழர் முறையில் கொண்டாடுவதும் புதியவர்களுக்கு அயல் சமயச் சாயலாகத் தோன்றின. வேதநாயகரோ, பண்ணும் மலரும் படைத்தவனுக்கே உரியவை என்னும் கொள்கையினர். இவற்றுக்காகவும் அவர் வாதாடினார்.

மூன்றாம் பூசலை மறைத்து எழுதுவது அவர் வரலாற்றுக்குச் செய்யும் நன்மை ஆகாது. அந்நாளில் தஞ்சைக் கோயிலில் வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்டோர் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்திலும் வேற்றுமை இருந்தது. புதிய தொண்டர்கள் அதனை ஒழிக்க முற்பட்டபோது வேதநாயகர் அதனையும் எதிர்த்தார். சாதி உலக வழக்கமே, அது விசுவாசத்துக்கு ஊறன்று என்னும் கருத்தைத் தாங்கி நூலும் எழுதினார். மலரையும் பண்ணையும் காத்த அதே நாவன்மை பிரித்து வைத்த பாயையும் காக்க முனைந்தது. வேதத்தை இளமை முதல் வாசித்து, அதன் ஒவ்வொரு கதையையும் ஏழைத் தொழிலாளியின் மெட்டில் பாடித் தந்த ஒருவர், அத்தொழிலாளி தம் அருகில் அமர்வதை ஏற்க இயலாமற்போனது அவர் வாழ்வின் துயரமான முரண். பண்பாட்டைக் காத்தலும் பிழையைக் காத்தலும் ஒரே நெஞ்சில் ஒரே பெயரால் வாழ முடியும் என்பதற்கு அவ்வாழ்வே சான்றாயிற்று. இவ்வொன்றில் காலம் புதியவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 1833இல் கல்கத்தா பேராயர் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டார்.

இப்பூசல்களின் முடிவில் 1829இல் வேதநாயகர் பதவி நீக்கப்பட்டார். அகவை ஐம்பத்தைந்தில், முப்பத்தைந்து ஆண்டுப் பணியை இழந்து நின்றார். அப்போது கைகொடுத்தவர் இளமைத் தோழராகிய சரபோசி மன்னரே. ஆட்சியுரிமையைக் கும்பினியாரிடம் இழந்து கோட்டையளவில் சுருங்கியிருந்த அம்மன்னர், தம் நெறியைச் சேராத, தம் கடவுளைப் பாட மறுத்த அந்நண்பரை அவைப்புலவராக ஏற்றார். திருச்சபைப் பள்ளி மூடிய கதவை அரண்மனை திறந்தது. மூன்றாண்டுகள் கழிந்து 1832இல் மன்னரும் மறைந்தார்.

முதுமையும் மீட்சியும்

பின்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் சாஸ்திரியார் வாழ்ந்தார். ஊர்தோறும் சென்று பாட்டும் உரையுமாக வேத வரலாற்றை எடுத்துரைக்கும் கதாகாலட்சேபமே அவர் ஊழியமாயிற்று. அம்மரபை அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்துள்ளனர். ஒரு கோயிலில் இடமிழந்த பாடல் ஊர்ச் சதுக்கங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இடம் பெற்றது.

பின்னர் எதிர்பாராத திசையிலிருந்து அதற்கு மீட்சி வந்தது. மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கத் தொண்டர் எட்வர்டு வெப் தமிழ்ப் பண்ணின் ஆற்றலை உணர்ந்து, தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் நூலாக வெளியிட்டார். அத்தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும்பங்கு பெற்றன. அயல்நாட்டார் சிலர் விலக்கியதை அயல்நாட்டார் ஒருவரே அச்சேற்றி வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எண்பதை நெருங்கிய கவிராயர் அதனைக் கண்ணாரக் காணும் பேறு பெற்றார். 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் அகவையில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் காக்க விரும்பியவற்றுள் பிரிந்த இருக்கை ஒழிந்தது, ஒழிந்தது நன்றே. அன்று மறுபுறம் அமர்த்தப்பட்டோரின் வழிவந்தவர்களும் இன்று அவர் கீர்த்தனைகளைத் தமக்குரியனவாகவே பாடுகின்றனர். பாடியவரின் எல்லையைப் பாட்டு கடந்துவிட்டது. பழைய மொழிபெயர்ப்பும் பொது வழக்கிலிருந்து மெல்ல நீங்கியது. பப்ரீசியஸ் பராபரன் என்று எழுதிய இடத்தில் 1871இல் வெளியான திருத்திய வேதாகமம் தேவன் என்று எழுதிற்று. ஆயினும் பராபரன் என்னும் சொல் மறைந்துவிடவில்லை. வேதப் புத்தகத்தில் இடமிழந்த அச்சொல்லைக் கீர்த்தனைகள் காத்து நிற்கின்றன. காலை வேண்டுதலில் ஒரு குடும்பம் கூடிப் பாடும்போது அது நாவில் வந்து எழுகிறது.