சித்திரகாரப்புலி

செங்கோல் ஏந்திய மன்னர் பலர். தூரிகையும் ஏந்தியவர் சிலரே. அச்சிலருள் ஒருவன் முதலாம் மகேந்திரவர்மன். கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் இவன்.

கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் அக்காலத்தே புகழ்பெற்ற சமணப் பள்ளி ஒன்று இருந்தது. சமணம் சார்ந்திருந்த பல்லவ வேந்தன் திருநாவுக்கரசரைத் துன்புறுத்தினான் என்றும், பின்னர்ப் பிழை உணர்ந்து சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்றும் பெரியபுராணம் கூறும். குணபரன் என்பது மகேந்திரன் பட்டங்களுள் ஒன்றாதலின், அவ்வேந்தன் இவனே என்பர் அறிஞர்.

செங்கல்லும் மரமும் இன்றிப் பாறையைக் குடைந்து கோயில் கண்ட இவன், ஓவியத்திலும் வல்லவன். சித்திரகாரப்புலி என்னும் பட்டம் பல்லாவரக் குகையில் பொறிக்கப்பட்டுள்ளது.

பாறையில் ஓவியம் தீட்டுதல் எளிதன்று. கரடான கல்மீது சுண்ணச் சாந்து பூசி வழவழப்பாக்குவர். கோடிட்டு, மண்ணிலும் கல்லிலும் எடுத்த வண்ணங்களைத் தீட்டுவர். சாந்து உதிரின் ஓவியமும் உதிரும்.

சித்தன்னவாசல் ஓவியங்களை இவன் காலத்தன என முன்னர்க் கருதினர். அவை 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தன எனப் பின்னர்த் தெளிந்தனர். ஆதலின் இவன் கைவண்ணம் என்று துணிந்து காட்ட இன்று ஓர் ஓவியமும் இல்லை. கல்லில் வெட்டிய பெயர் நின்றது. சுவரில் தீட்டிய வண்ணம் மறைந்தது. சிதம்பரம் சிவகாமியம்மன் கோயில் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. அத்தகைய எஞ்சிய செல்வத்தைக் கண்ணெனக் காத்தல் நம் கடமையாகும்.