கொச்சி யூதரை வழியனுப்பிய சட்டத்தரணி சலேம்

பிறந்த மண்ணை விட்டு வெளியேறுவதன் வலியைத் திருகோணமலை மாவட்ட மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2006 ஆம் ஆண்டில் மூதூர் முஸ்லிம்களும் சம்பூர்த் தமிழரும் அதனை அனுபவித்தார்கள். சாம்பல்தீவிலிருந்து மூதூர் வரை பெட்டி படுக்கையுடன் வீதிக்கு வந்த நினைவு இல்லாத ஊர் அரிது. ஆனால் எவரும் துரத்தாமலே ஒரு சமூகம் தானாகப் புறப்பட்டுச் சென்ற கதையொன்று அயலிலுள்ள கேரளத்தில் உண்டு. அந்தப் பயணத்துக்கு வழி செய்து கொடுத்தவர் சட்டத்தரணி ஆபிரகாம் பராக் சலேம்.

கொச்சி யூதரின் வரலாறு மிகப் பழையது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யூதத் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் பல வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி யூத ஆலயம் 1568 ஆம் ஆண்டில் அரண்மனையின் அருகிலேயே எழுந்தது. உள்நாட்டு மன்னர்கள் யூதரை அரவணைத்தார்கள். அவர்களைத் துன்புறுத்தியவர்கள், பின்னாளில் நமது கோணேஸ்வரத்தையும் இடித்த போர்த்துக்கேயரே.

எனினும் அந்த ஆலயத்துக்குள்ளேயே ஓர் அநீதி நிலவியது. ஸ்பெயின் முதலான நாடுகளிலிருந்து விரட்டப்பட்டு அடைக்கலம் தேடி வந்தவர்களின் சந்ததியினர், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதரைத் தமக்குச் சமமாக ஏற்கவில்லை. அவர்களுக்கு ஆசனம் மறுக்கப்பட்டது. தரையிலோ வாசற்புறத்திலோதான் அவர்கள் அமர வேண்டும். திருமண உறவு இல்லை. அடக்கத்திலும் பாகுபாடு இருந்தது. ஒதுக்கப்பட்ட அந்தப் பிரிவில் 1882 ஆம் ஆண்டில் பிறந்தவரே சலேம்.

தாயின் அரவணைப்பில் வளர்ந்த அவர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றார். பின்னர் சென்னை சென்று கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். கொச்சி யூதருள் முதற் பட்டதாரி அவரே. ஆனால் சட்டத்தரணியாக ஊர் திரும்பியவருக்கும் ஆலயத்தில் ஆசனம் கிடைக்கவில்லை. வைக்கம் வீதிக்காகச் சத்தியாக்கிரகம் நடந்த அதே கேரளத்தில், சலேமும் காந்தியடிகளின் வழியைத் தேர்ந்தார். வன்முறையில் இறங்காது அமைதியான எதிர்ப்பினை நடத்தினார். குடும்பத்துடன் சில காலம் ஆலயத்தைப் புறக்கணித்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. 1950 ஆம் ஆண்டில் அவரது மகன் பரதேசி யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது பழைய வேலியின் பெரும் பகுதி சரிந்தது.

அவரது பொதுவாழ்வு தம் சமூகத்தோடு நின்றுவிடவில்லை. 1925 முதல் 1931 வரையும், 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டசபையில் பணியாற்றினார். தொழிற்சங்கங்களுக்குத் துணைநின்றார். பூரண சுதந்திரத்தைக் கோரிய 1929 ஆம் ஆண்டு லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

1930களில் பலஸ்தீனத்தைச் சென்று பார்த்த பின்னர் அவர் சியோனிசத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1948 ஆம் ஆண்டில் இஸ்ரேல் உருவானதும், கொச்சி யூதக் குடும்பங்கள் பல புறப்பட ஆயத்தமாகின. பலர் வீட்டையும் தொழிலையும் விற்றுவிட்டுக் காத்திருந்தனர். ஆனால் கொச்சியில் பரவியிருந்த யானைக்கால் நோயைக் காரணங்காட்டி இஸ்ரேலிய சுகாதாரத் துறையினர் தயங்கினர். இருந்த வீடும் இல்லை, போக வழியும் இல்லை என்ற நிலையில் தவித்த மக்களுக்காக, எழுபது வயதைக் கடந்த சலேம் 1953 ஆம் ஆண்டில் இஸ்ரேலுக்கே சென்று வாதாடினார். தடை தளர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலானோர் தோரா வேதச் சுருள்களையும் எடுத்துக்கொண்டு பயணமாகினர். நெவாத்திம் போன்ற விவசாயக் குடியிருப்புகள் அவர்களது புதிய ஊர்களாயின.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அவர்கள் குடியேறிய நாடு உருவானபோதுதான் ஏறத்தாழ ஏழு இலட்சம் பலஸ்தீனர் தம் வீடுவாசல்களை இழந்தனர். அவர்கள் திரும்பிச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. ஒரு சாராரின் புதுவாழ்வு இன்னொரு சாராரின் அகதி வாழ்வோடு பிணைந்திருப்பதை, அகதி முகாமை அறிந்த நாம் எளிதில் கடந்து செல்ல முடியாது.

தம் மக்களை வழியனுப்பிய சலேம் கொச்சியிலேயே தங்கி 1967 ஆம் ஆண்டில் காலமானார். மட்டாஞ்சேரி யூதத் தெருவில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கின்றது. அங்கு யூதர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

அவர் மறைந்த மறு ஆண்டில், 1968 இல், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் ஆலயத்தினுள் செல்வதற்காக ஒடுக்கப்பட்ட தமிழர் வாசலில் நின்று போராடினார்கள். பிறர் இழைக்கும் அநீதியைக் கண்டிக்கும் ஒவ்வொரு சமூகமும் தன் வாசற்படியில் அமர்த்தப்பட்டிருப்பவர் யார் என்பதையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது. சலேமின் வாழ்வு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் விட்டுச்செல்லும் பாடம் இதுவேயாகும்.