ஓவிய மன்னர் இராஜா இரவிவர்மா

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் கண்ணாடிச் சட்டமிட்ட பழைய படம் ஒன்று உண்டு. காட்டுப் பாதையில் ஒரு பெண் தோழியின் தோளைப் பற்றிக்கொண்டு, ஒரு பாதத்தை உயர்த்தித் திரும்பிப் பார்க்கிறாள். பாவம், முள் தைத்துவிட்டது என்று சிறு வயதில் நான் இரங்கியதுண்டு. முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அப்பத்தா சிரித்தார்.

அவள் சகுந்தலை. துஷ்யந்தனை மறுபடி ஒருமுறை காண ஆசை. தோழியர் எதிரே நாணம். ஆகவே முள் என்று ஒரு சாக்கு! மன்னன் படத்தில் இல்லவே இல்லை. ஆயினும் அவன் எத்திசையில் நிற்கிறான் என்பதை அவள் கழுத்தின் திருப்பமே காட்டிவிடுகிறது.

இதனை 1898இல் வரைந்தவர் இரவிவர்மா. அவர் 1848இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். சுவரெல்லாம் கரியால் கிறுக்கிய சிறுவனைத் தாய்மாமன் கடிந்துகொள்ளவில்லை. பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் சோதனை. எண்ணெய் வண்ணத்தின் நுட்பம் அறிந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தார். பின்னர் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனோ, தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். பார்த்துப் பார்த்தே கற்றார் இரவிவர்மா. சகுந்தலையின் கள்ளப் பார்வையைத் தீட்டியபோது தம் இளமை அவருக்கு நினைவு வந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1873இல் வியன்னா கண்காட்சியில் அவர் ஓவியம் பரிசு பெற்றது.

காதலைச் சைகையால் உணர்த்துவது ஐரோப்பியருக்கும் பழக்கமே. பிரான்சு நாட்டு ஃப்ராகொனார் 1767 அளவில் தீட்டிய ஊஞ்சல் ஓவியத்தில், ஆடும் நங்கை தன் காலணியைப் புதரில் இருக்கும் காதலனை நோக்கி வீசி எறிகிறாள். அருகே மன்மதன் சிலை, உதட்டில் விரல் வைத்து, இரகசியம் என்கிறது. அங்கே பறக்கும் காலணி. இங்கே இல்லாத முள். எனக்கு முள்தான் பிடிக்கிறது.

1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, அரண்மனைக்குரிய ஓவியங்களை எளியோர் வீட்டுக்கும் அனுப்பினார். அதனால் கடன்பட்டு, அச்சகத்தை விற்கவும் நேர்ந்தது. 1906இல் கிளிமானூரிலேயே மறைந்தார்.

மூல ஓவியம் திருவனந்தபுரம் சித்ரா ஓவியக் கூடத்தில் உள்ளது. அப்பத்தா வீட்டு அச்சுப்படத்திலோ, செட்டிநாட்டு வழக்கப்படி, யாரோ சகுந்தலையின் ஆடைமேல் துணியும் சரிகையும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பாதத்தை மட்டும் தொடவில்லை.