உப்புத்தாளுக்குப் பல் கொடுத்தவர்

கரியையும் களிமண்ணையும் உருக்கிய அச்சிசனின் வாழ்க்கை

உத்தமபாளையத்துப் பையன் ஒருவன் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மாதிரி அணை ஒன்று செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எந்த அணையைச் செய்வான்? முல்லைப் பெரியாறு அணையைத்தான் செய்வான். அந்த அணையின் தண்ணீர்தானே அவன் ஊர் ஓரமாக ஓடுகிறது!

மரக்கட்டையை அறுத்து, பசை போட்டு ஒட்டிவிடுவான். ஆனால் அத்தோடு வேலை முடிந்துவிடாது. அறுத்த இடத்தில் சிராய் நிற்கும். ஒட்டிய இடத்தில் பசை முண்டும் முடிச்சுமாகக் காய்ந்திருக்கும். அப்படியே வர்ணம் பூசினால் ஒவ்வொரு குறையும் இரண்டு மடங்காகத் தெரியும். பார்க்கிறவர்கள் அதை அணை என்று சொல்லமாட்டார்கள். விறகுக் கட்டை என்பார்கள்.

அந்த நேரத்தில் கைகொடுப்பது உப்புத்தாள். ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும் சாதாரணத் தாள்தான். தச்சர் வீட்டிலும் இருக்கும், வர்ணக் கடையிலும் இருக்கும். அதன் கறுப்பு ரகத்தைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக மின்னும். அந்த மின்னும் பொடியை உலகத்துக்குக் கொடுத்தவர் ஓர் அமெரிக்கர். எட்வர்ட் குட்ரிச் அச்சிசன் என்பது அவர் பெயர்.

பொடி உலகமெங்கும் போயிற்று. ஆனால் அதற்காக அவர் ஆரம்பித்த கம்பெனி அவர் கையில் நிற்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பள்ளியை விட்ட பையன்

1856-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, பென்சில்வேனியா மாகாணத்தில் வாஷிங்டன் என்ற சிறிய ஊரில் அச்சிசன் பிறந்தார். அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன் வேறு, இது வேறு. தந்தை, இரும்பு உருக்கும் உலை ஒன்றை நிர்வாகம் செய்தவர். ஆகவே நெருப்பும் கரியும் பையனுக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே பழக்கமாயின.

பதினாறு வயதோடு படிப்பு நின்றது. 1873-ல் அமெரிக்காவில் பெரும் பணமுடை ஏற்பட்டது. பாங்குகள் மூடப்பட்டன. தொழில்கள் படுத்தன. தந்தையும் காலமானார். குடும்பப் பாரம் பையன் தோளில் விழுந்தது.

கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். உலையில் ஆட்களின் நேரக் கணக்கு எழுதினார். ரயில்வேயில் வேலை பார்த்தார். நிலம் அளந்தார். எண்ணெய்த் தொட்டிகளை அளந்தார். பகலில் கூலி வேலை, இரவில் புத்தகம். மின்சாரத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தார். கல்லூரி வாசலை மிதிக்காமலே மின்சாரம் கற்றுக்கொண்டார்.

எடிசனிடம்

அந்நாளில் மின்சாரம் என்றால் எடிசன்தான். அச்சிசன் தாமே ஒரு மின்கலம் செய்து, அதை எடிசனிடம் விற்கப் பார்த்தார். விற்பனையைவிடப் பெரிய லாபம் கிடைத்தது. 1880 செப்டம்பரில் எடிசனின் மென்லோ பார்க் ஆராய்ச்சிச்சாலையில் அவருக்கு வேலை கொடுக்கப்பட்டது. அப்பொழுது வயது இருபத்து நான்கு.

மறு ஆண்டே எடிசன் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பாரிஸ் கண்காட்சியில் மின்விளக்குகளைக் காட்டும் வேலை. பிறகு பெல்ஜியம், இத்தாலி முதலிய நாடுகளில் மின்விளக்கு அமைத்தார். 1884-ல் எடிசனை விட்டு விலகித் தனியே தொழில் செய்யத் தொடங்கினார். லாபமும் கண்டார், நஷ்டமும் கண்டார். கடைசியில் பென்சில்வேனியாவில் மொனொங்காஹெலா என்ற ஊரில் ஒரு சிறு மின்சார நிலையம் வைத்தார். இரவில் ஊருக்கு விளக்கு எரியும். பகலில் யந்திரம் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் யந்திரத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தார்.

சட்டியில் பிறந்த பொடி

தேய்க்கும் பொடிக்கு அப்பொழுது உலகமெங்கும் தேவை இருந்தது. கத்தி, கோடரி, யந்திரப் பாகம் எதுவானாலும் தீட்டியும் இழைத்தும்தான் ஆகவேண்டும். அதற்கு மணல், கண்ணாடித் தூள், எமரிக்கல் ஆகியவற்றை உபயோகித்தார்கள். எமரி, கிரேக்க நாட்டில் நாக்ஸோஸ் தீவில் பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. இவற்றுக்கெல்லாம் மேலே இருந்தது வைரப் பொடி. அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

1891-ல் அச்சிசன் ஓர் இரும்புச் சட்டியை எடுத்தார். களிமண்ணையும் கல்கரித் தூளையும் கலந்து அதில் போட்டார். மின்சாரக் கம்பி ஒன்றைச் சட்டியில் இணைத்தார். இன்னொன்றை ஒரு கரித்தண்டில் இணைத்து, தண்டைக் கலவைக்குள் செருகினார். மின்சாரத்தை விட்டார். கலவை கொதித்து உருகியது.

ஆறிய பிறகு பார்த்தார். எதிர்பார்த்த பொருள் அங்கே இல்லை. கரித்தண்டின் நுனியில் மட்டும் சில பொட்டுகள் பளபளத்தன. கடுகைவிடச் சிறிய பொட்டுகள். வேறு ஒருவராக இருந்தால் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டியிருப்பார். அச்சிசன் கொட்டவில்லை. ஒரு பொட்டை எடுத்துப் பென்சில் முனையில் ஒட்டவைத்தார். கண்ணாடிமேல் இழுத்தார். கண்ணாடியில் கோடு விழுந்தது! வைரம் கீறியதுபோல் கீறியது.

பெயரில் பாதி தமிழ்

புதிய பொருளுக்குப் பெயர் வைக்கவேண்டுமே! களிமண்ணில் உள்ள அலுமினாவும் கரியும் சேர்ந்து இது உண்டாயிற்று என்று அவர் நினைத்தார். அலுமினாவே படிகமானால் அது குருந்தக்கல். ஆங்கிலத்தில் கொரண்டம். ஆகவே கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்துக் கார்போரண்டம் என்று பெயர் சூட்டினார்.

கொரண்டம் என்ற அந்தச் சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம்முடைய குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. குருந்தக்கல் தூளை அரக்கில் குழைத்துச் சாணை செய்து, ரத்தினங்களுக்குப் பட்டை தீட்டும் வழக்கம் நம் நாட்டில் வெகு காலமாக உண்டு. கல்லோடு சொல்லும் கடல் தாண்டிவிட்டது. அமெரிக்கர் வைத்த பெயரில் பாதி தமிழ்!

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அச்சிசன் நினைத்தது தவறு. அந்தப் பொடியில் குருந்தமே கிடையாது. மணலில் உள்ள சிலிக்கனும் கரியும் சேர்ந்த பொருள் அது. சிலிக்கன் கார்பைடு என்பது அதன் ரசாயனப் பெயர். உண்மை தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. களிமண்ணுக்குப் பதில் மணலைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

எடிசனுக்கு எதிர்ப்பக்கம்

முதலில் கிடைத்த பொடியைச் சிறு புட்டியில் போட்டுக்கொண்டு அச்சிசன் நியூயார்க் போனார். ரத்தினத்துக்குப் பட்டை தீட்டுகிறவர்களிடம் காட்டினார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். காரட் 40 சென்ட். ராத்தல் கணக்கில் பார்த்தால் சுமார் 880 டாலர்! 1893 பிப்ரவரி 28-ந் தேதி காப்புரிமையும் கிடைத்தது.

அந்த ஆண்டு சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே விளக்கு போடும் காண்டிராக்டு, எடிசனின் போட்டியாளரான வெஸ்டிங்ஹவுஸுக்குக் கிடைத்தது. எடிசனின் விளக்குக்குக் காப்புரிமை இருந்ததால் அதைப்போல் செய்யமுடியாது. ஆகவே வெஸ்டிங்ஹவுஸ், கண்ணாடி மூடி வைத்த விளக்குகளைச் செய்தார். மூடி காற்றுப் புகாமல் பொருந்தவேண்டும். அதற்கு மூடியைச் சாணை பிடித்தாகவேண்டும். அறுபதாயிரம் சின்னஞ்சிறு சாணைச் சக்கரங்கள் வேண்டுமென்று அச்சிசனுக்கு ஆர்டர் வந்தது. எடிசனிடம் தொழில் கற்றவரின் பொடி, எடிசனின் போட்டியாளருக்கு விளக்கு ஏற்ற உதவிற்று!

1895: இரண்டு தண்ணீர்

நயாகரா நீர்வீழ்ச்சியில் அப்பொழுது பெரிய மின்சார நிலையம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். தமது தொழிலை அங்கே மாற்றி, ஆயிரம் குதிரைச் சக்தி மின்சாரம் வாங்க அச்சிசன் முடிவு செய்தார். கம்பெனி டைரக்டர்கள் திடுக்கிட்டார்கள். இருக்கிற சரக்கில் பாதிதான் விற்கிறது. இன்னும் பெரிய தொழிற்சாலையா? எல்லோரும் ஒரேயடியாக ராஜினாமா செய்துவிட்டார்கள். அச்சிசன் அசையவில்லை. 1895-ல் நயாகராவில் வேலை ஆரம்பமாயிற்று.

அதே 1895-ல்தான் இங்கே பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே போன தண்ணீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. அங்கே விழும் தண்ணீர் கரியையும் மணலையும் சுட்டது. இங்கே வந்த தண்ணீர் நெல்லை விளைத்தது.

கையை விட்டுப் போன கம்பெனி

பெரிய தொழிலுக்குப் பெரிய முதல் வேண்டும். பிட்ஸ்பர்க் நகரத்து மெல்லன் சகோதரர்கள் பாங்கு நடத்தியவர்கள். அவர்கள் பணம் கொடுத்தார்கள். கடன் ஏறிற்று. 1898-ல் கம்பெனியின் பிடி அவர்கள் கைக்குப் போயிற்று. கண்டுபிடித்தவர் ஒருவர், ஆளுகிறவர் வேறொருவர்! மெல்லன் சகோதரர்களில் ஒருவரான ஆண்ட்ரூ, பிற்காலத்தில் அமெரிக்காவின் நிதி மந்திரியானார்.

சட்டியை அச்சிசன் கவனமாகப் பார்த்தார். கடன் பத்திரத்தை அந்த அளவுக்குக் கவனித்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. வேறொரு உலையில் அவருக்கு வேறொரு பொருள் ஏற்கெனவே கிடைத்திருந்தது.

கார்போரண்டத்தை அளவுக்கு மீறிச் சுட்டால் அது கெட்டுவிடும். கெட்டுப்போனதையும் அவர் கொட்டவில்லை. சிலிக்கன் ஆவியாகப் போய், மிச்சம் நின்றது பென்சில் கரியாகிய கிராபைட் என்று கண்டார். 1896-ல் அதற்கும் காப்புரிமை பெற்றார். 1899-ல் கிராபைட் கம்பெனி தொடங்கினார். ஒன்று உலகத்திலேயே அதிகமாகத் தேய்க்கும் பொருள்களில் சேர்ந்தது. மற்றொன்று தேயாமல் வழுக்கும் பொருள். இரண்டும் ஒரே அடுப்பில் பிறந்தவை!

எழுபது காப்புரிமைகள் வரையில் அவர் பெற்றார். பெரிய விஞ்ஞானப் பரிசுகளும் வந்தன. 1931 ஜூலை 6-ந் தேதி நியூயார்க்கில், எழுபத்தைந்தாவது வயதில் காலமானார்.

நம் கைக்கு வந்தது

அவர் பொடி ஊர் ஊராகப் பரவிற்று. 1921-ல் அமெரிக்காவில் திரீ எம் கம்பெனி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூசி பறக்காததால் மோட்டார் வண்டிக்கு வர்ணம் பூசுகிறவர்களின் நெஞ்சுக்கு நிம்மதி ஏற்பட்டது. 1954-ல் சென்னையில், முருகப்பா குழுவினர் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனியைத் தொடங்கினார்கள். இன்று மின்சாரக் கார்களின் உள்ளே இருக்கும் சில்லுகளுக்கும் சிலிக்கன் கார்பைடு பயன்படுகிறது.

இனி உத்தமபாளையத்துப் பையனிடம் திரும்புவோம். தாளின் முதுகில் ஓர் எண் இருக்கும். பொடி சலிக்கும் சல்லடையில் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதை ஒட்டி ஏற்பட்ட எண் அது. எண் ஏற ஏறப் பொடி சிறுக்கும். முதலில் 80 அல்லது 120-ம் எண் தாளால் முண்டுகளை எடுக்கவேண்டும். பிறகு 220. கடைசியில் 400. ஒரு தாள் போட்ட கீறலை அடுத்த தாள் அழிக்கும். நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் பழைய கீறல் வர்ணத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.

சமமான இடத்தில் தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்க்கவேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். மரமானால் நரம்பு ஓடும் வாக்கில் தேய்க்கவேண்டும். பிளாஸ்டிக் மாதிரியானால் கறுப்புத் தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்க்கலாம். உலர்ந்த தாளால் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

பொடி உதிரும். மரம் வழவழப்பாகும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் வர்ணம் பூசினால் அணை அணையாக நிற்கும். பார்க்கிறவர்கள் அணையைப் புகழ்வார்கள். உப்புத்தாளை யாரும் நினைக்கமாட்டார்கள். தேய்ந்த தாள் குப்பைக்குப் போய்விடும்.

போகட்டும். ஆனால் தூக்கி எறிவதற்கு முன் அதை ஒரு தரம் வெயிலில் சாய்த்துப் பார்க்கலாம். 1891-ல் ஒரு மனிதர் கொட்டாமல் பார்த்த பளபளப்பு, அதில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.