எஞ்சின் செய்த போதகர்

மூன்று வாரமாக என் பால்கனியில் இரவு எட்டு மணிக்கு மேல் மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிவதைப் பார்த்துவிட்டு, எதிர் பிளாக்கில் இரண்டு பேர் என்ன பூஜை என்று விசாரித்தார்கள். பூஜை எதுவும் இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டுமே என்று ஒரு சின்ன எஞ்சின் செய்துகொண்டிருந்தேன். பெட்ரோல் கிடையாது, நீராவி கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஒரு சோதனைக் குழாய், ஐந்து கோலிக்குண்டு, ஒரு கண்ணாடி சிரிஞ்ச், கொஞ்சம் ரப்பர் குழாய், ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். உள்ளே அடைபட்டிருக்கும் காற்று சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமே அதை ஓட்ட வேண்டும். ஓடவில்லை என்பதுதான் பிரச்சினை.

அது ஓடாத அந்த மூன்று வாரத்தில், இந்த வகை எஞ்சினை முதலில் செய்தவரைப் பற்றி நிறையப் படித்தேன். அவருடைய கதையை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த இதழில் இடம் கேட்டேன்.

பெயர் ராபர்ட் ஸ்டர்லிங். 1790 அக்டோபர் 25ல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், மெத்வென் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவர். தாத்தா மைக்கேல் ஸ்டர்லிங், கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியவர். பேரனுக்கு அந்தக் கை அப்படியே வந்திருக்கிறது. ஆனால் அவர் படித்தது பொறியியல் அல்ல. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் படித்து, கடைசியில் இறையியலுக்குப் போனார். 1816 செப்டம்பரில் கில்மார்னக் ஊரின் தேவாலயத்தில் போதகராகப் பொறுப்பேற்றார். வயது இருபத்தைந்து.

அதே செப்டம்பர் மாதக் கடைசியில், ஒரு வெப்பக் காற்று எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்! புது வேலையில் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய சபையார் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நீராவி எஞ்சின்களின் கொதிகலன்கள் வெடித்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. அதைக் கண்டு மனம் பொறுக்காமல்தான் இந்தப் போதகர் நீராவி இல்லாத எஞ்சினைத் தேடினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அழகான கதைதான். ஆனால் அந்தக் காப்புரிமை பேசுவது எரிபொருளை மிச்சப்படுத்துவதைப் பற்றி. எனக்கு இந்த இரண்டாவது காரணமே பிடித்திருக்கிறது. சிக்கனமான ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, வீணாகும் சூட்டைப் பார்த்துச் சகிக்க முடியாமல் செய்த வேலை.

அந்தச் சிக்கனத்துக்காக அவர் கண்டுபிடித்த பாகம்தான் உண்மையில் பெரிய விஷயம். எஞ்சினுக்குள் காற்று சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கும், மறுபடி சூடான பக்கத்துக்கும் போய்வருகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகச் சூடாக்கினால் எரிபொருள் தண்டம். ஸ்டர்லிங் நடுவழியில் குறுகலான உலோக இடுக்குகளை வைத்தார். காற்று குளிர்ந்த பக்கம் போகும்போது சூட்டை அங்கே விட்டுவிட்டுப் போகும். திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டு வரும். கோவில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய், வரும்போது மாட்டிக்கொள்கிறோமே, அதே மாதிரி. பின்னாளில் கண்ணாடியும் எஃகும் உருக்கும் பெரிய உலைகளில் இந்த யோசனை பயன்பட்டது. சூடு என்றால் என்ன என்று அறிவியல் சரியாக விளக்குவதற்கு முன்பே அவர் இதைச் செய்துவிட்டார். வெப்ப எஞ்சின்களைப் பற்றி பிரான்சின் கார்னோ எழுதிய புத்தகம் வந்தது 1824ல்தான்.

1818ல் அயர்ஷயரில் ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைக்க அவருடைய எஞ்சின் ஒன்றை வைத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு நெருப்பு படும் பாத்திரத்தின் அடிப்பாகம் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுப்போனது.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் பால்கனிக்கு ஒரு நிமிடம் போய்வருகிறேன்.

நான் செய்தது மிக எளிய வடிவம். சோதனைக் குழாயை நடுவில் ஓர் அச்சில் தாங்கி, சீசா பலகை மாதிரி ஆட விட வேண்டும். மூடிய முனைக்குக் கீழே மெழுகுவர்த்தி. திறந்த முனையில் இறுக்கமான ரப்பர் கார்க், அதன் வழியாக ஒரு குழாய் போய் சிரிஞ்சில் சேர்கிறது. கார்க் இருக்கும் முனை அந்த சிரிஞ்சின் பிஸ்டன் மேல் உட்கார்ந்திருக்கும். கோலிகள் கார்க் பக்கம் உருண்டால் காற்று சூடான பக்கம் தள்ளப்படும், விரியும், பிஸ்டன் மேலே ஏறி அந்த முனையைத் தூக்கும். உடனே கோலிகள் சூடான பக்கம் உருளும், காற்று குளிர்ந்த பக்கம் வரும், சுருங்கும், பிஸ்டன் இறங்கும். டக், டக், டக் என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னுடையது ஒரு தடவை 'டக்' என்று சொல்லிவிட்டு நின்றது. நீங்களும் முயன்றால் இதேதான் நடக்கும், அதனால் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தப்பு, பிளாஸ்டிக் சிரிஞ்ச். அதன் நுனியில் உள்ள ரப்பர் பிடித்துக்கொள்ளும், இந்தச் சின்னச் சக்திக்கு அது நகராது. கண்ணாடி சிரிஞ்சே வேண்டும், அதுவும் துடைத்து உலர்ந்ததாக. எண்ணெய் போடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். அடுத்தது கசிவு. பிஸ்டனைப் பாதி உயரத்தில் நிறுத்தி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, பிஸ்டனை மெல்ல அழுத்திப் பாருங்கள், குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். எனக்கு கார்க்கின் துளையில் வந்தது. மூன்றாவது, ஈரம். நான் குழாயைக் கழுவிவிட்டுச் சரியாகக் காய வைக்கவில்லை, கோலிகள் உருளாமல் ஒட்டிக்கொண்டன. இதையெல்லாம் சரிசெய்த பிறகு பத்து நிமிடம் ஓடியது, நின்றது. குளிர்ந்த முனையும் சூடாகிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் எந்த எஞ்சினும் ஓடாது. கார்க் பக்கம் ஓர் ஈரத்துணியைச் சுற்றினேன், மறுபடி கிளம்பியது.

மறுநாள் சோதனைக் குழாய் உடைந்தது. எங்கே? நெருப்பு படும் அடிப்பாகத்தில். சூட்டில் இருக்கும் கண்ணாடியில் கோலிகள் போய் மோதிக்கொண்டே இருந்தால் வேறென்ன ஆகும்? பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் ஒரு துண்டை அடியில் மெத்தையாக வைத்து, சூடு தாங்கும் போரோசிலிகேட் குழாயாக வாங்கிய பிறகுதான் நின்று ஓடுகிறது.

எனக்குக் கடைக்குப் போனால் போரோசிலிகேட் கிடைக்கிறது. ஸ்டர்லிங்குக்குக் கிடைத்தது வார்ப்பிரும்பு மட்டும்.

1824ல் அவர் பக்கத்து ஊரான கால்ஸ்டனுக்குப் போதகராக மாறினார். மிச்ச வாழ்நாள் முழுக்க அங்கேதான். 1819லேயே ஜீன் ரேங்கின் என்பவரைத் திருமணம் செய்திருந்தார், ஏழு குழந்தைகள். ஞாயிறு பிரசங்கம், சபையாரின் நல்லது கெட்டது, இவற்றுக்கு நடுவே பட்டறை. எஞ்சின் ஒரு பக்கம் இருக்க, ஒளியியல் கருவிகளும் செய்தார். 1840ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது, எஞ்சினுக்காக அல்ல, இறையியலில்.

பொறியியலாளராக இருந்த அவருடைய தம்பி ஜேம்ஸ், டண்டீ நகரில் ஒரு வார்ப்படச் சாலையை நடத்திக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியுமாக 1827லும் 1840லும் மேலும் இரண்டு காப்புரிமைகள் வாங்கினார்கள். உள்ளே இருக்கும் காற்றை முன்கூட்டியே அழுத்தி வைத்தால் அதே அளவு எஞ்சினிலிருந்து அதிக சக்தி கிடைக்கும் என்பது அவர்கள் சேர்த்த முக்கியமான மாற்றம். 1843ல் டண்டீ வார்ப்படச் சாலையில் இருந்த நீராவி எஞ்சினையே வெப்பக் காற்று எஞ்சினாக மாற்றி, அங்கிருந்த இயந்திரங்களை எல்லாம் அதைக் கொண்டு ஓட்டினார்கள். நிலக்கரி மிச்சமானது. 1845ல் ஜேம்ஸ் லண்டன் போய், சிவில் பொறியாளர்கள் கழகத்தில் இதைப் பற்றி விளக்கமும் கொடுத்தார்.

பிறகு, சூடேறும் உருளையின் அடிப்பாகம் விட்டுப்போனது. மாற்றினார்கள். மறுபடி போனது. மாற்றினார்கள். மூன்றாம் தடவையும் போனபோது, 1847ல், வார்ப்படச் சாலைக்காரர்கள் பொறுமை இழந்து பழையபடி நீராவிக்கே திரும்பிவிட்டார்கள்.

அப்போது ஸ்டர்லிங்குக்கு ஐம்பத்தாறு வயது. கல்குவாரியில் எந்த இடம் போனதோ, முப்பது வருடம் கழித்து அதே இடம். கணக்கு சரி, அமைப்பு சரி, சிக்கனமும் நிரூபணம் ஆகிவிட்டது. சூட்டையும் அழுத்தத்தையும் சேர்த்துத் தாங்க இரும்பால் முடியவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடிக்கிற கோளாறு இல்லை இது. என்ன கோளாறு என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். சரிசெய்யும் பொருள்தான் உலகத்தில் எங்கும் இல்லை. அது எப்படிப்பட்ட நிலை என்று நான் பல தடவை யோசித்துவிட்டேன்.

அவருடைய பிள்ளைகளில் பேட்ரிக்கும் ஜேம்ஸும் ரயில்வேயில் சேர்ந்து பெயர்பெற்ற எஞ்சின் வடிவமைப்பாளர்கள் ஆனார்கள். நீராவி எஞ்சின்தான்! 1870ல் பேட்ரிக் செய்த, எட்டடி உயரச் சக்கரம் கொண்ட ரயில் எஞ்சின் இன்றும் இங்கிலாந்தின் யார்க் நகர ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அப்பா நீராவிக்கு மாற்று தேடியவர், மகன் நீராவியின் அழகுக்குப் பேர்போனவர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி நிச்சயம் பேச்சு வந்திருக்கும்.

ஸ்டர்லிங் தன் எஞ்சினின் மாதிரிகளை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்திருந்தார். நாம் இன்று கெல்வின் என்று அறியும் வில்லியம் தாம்சன், கிளாஸ்கோவில் இளம் பேராசிரியராக இருந்தபோது அந்த மாதிரியைத் தன் வகுப்பில் பயன்படுத்தினார். கால்ஸ்டன் போதகர் கையால் செய்த பொம்மை, வெப்ப இயக்கவியல் பிறந்த வகுப்பறையில் ஓடியது.

1856ல் பெஸ்ஸெமர் தன் எஃகு தயாரிப்பு முறையை அறிவித்தார். இருபது வருடம் கழித்து, 1876ல், எண்பத்தைந்து வயது ஸ்டர்லிங் ஒரு கடிதம் எழுதினார். டண்டீ எஞ்சினைச் செய்த காலத்தில் பெஸ்ஸெமரின் எஃகு இருந்திருந்தால் அது வெற்றி பெற்றிருக்கும் என்பதே அதன் சாரம். தன் எஞ்சினை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1878 ஜூன் 6ல் கால்ஸ்டனில் காலமானார்.

அவருடைய பெயர் எஞ்சினுக்குப் பரவலாக ஒட்டிக்கொண்டது, ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1930களின் கடைசியில் இந்த வகை எஞ்சினை மறுபடி கையில் எடுத்த பிறகுதான். அப்போது துருப்பிடிக்காத, சூடு தாங்கும் எஃகு வகைகள் வந்துவிட்டிருந்தன. இன்று ஸ்வீடனின் நீர்மூழ்கிக் கப்பல்களில் சத்தமில்லாமல் ஓடுவது இதுதான். 1980களில் நம் சென்னையிலேயே நெல் உமியை எரித்து ஓடும் ஸ்டர்லிங் எஞ்சின்கள் செய்யப்பட்டன. சூடான டீ தம்ளர் மேல் வைத்தாலே சுற்றும் பொம்மை எஞ்சின்களை ஆன்லைனில் பார்த்திருப்பீர்களே, அவையும் இந்தக் குடும்பம்தான். 1983ல் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தின் ஐவோ கோலின் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்தவை.

என்னுடையது இப்போது நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடுகிறது. இந்த ஞாயிறு மாலை கிளப் ஹவுஸ் வாசலில் வைத்து ஓட்டிக் காட்டலாம் என்றிருக்கிறேன். நெருப்பும் கண்ணாடியும் சேர்ந்த விஷயம், அதனால் பிள்ளைகள் பெரியவர்களோடு வரட்டும். யார் வீட்டிலாவது பழைய கண்ணாடி சிரிஞ்ச் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எனக்கு இன்னொன்று தேவைப்படுகிறது.